களை எடுத்துவிட்டு வருகிறவரிடம் 'நடைப்பயிற்சி செய்யுங்கள்' என்று சொல்லலாமா?

கேள்வி: என் அக்கா எங்கள் ஊராட்சியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். கூடவே உடற்பயிற்சி செய்யும்படியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால், "நாள் முழுக்கக் களை எடுக்கிறோம், இதற்கு மேல் என்ன பயிற்சி?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஊரில் பூங்கா இல்லை, தெருவிளக்கு பாதிதான் எரிகிறது. இப்படிப்பட்ட இடத்தில் இதைச் சொல்வதில் பயன் உண்டா? எப்படிச் சொல்வது?

பதில்:

பயன் உண்டு. ஆனால் ஒரே வாக்கியத்தை எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு போனால் அந்தப் பயன் கிடைக்காது. உங்கள் அக்காவிடம் பெண்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு ஒழுங்காகப் பதில் சொன்ன பிறகுதான் மற்றதைப் பேச முடியும்.

உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான அளவில் உடலை இயக்க வேண்டும். கடுமையான உழைப்பென்றால் 75 முதல் 150 நிமிடங்கள் போதும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் வேலையும் வேண்டும். இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. இந்த நிமிடங்களைப் பூங்காவில்தான் செலவிட வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. வயல் வேலை, வீட்டு வேலை, வேலைக்கு நடந்து போவது, விளையாட்டு எல்லாமே கணக்கில் சேரும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் நாற்று நடுகிற, களை எடுக்கிற, மண் சுமக்கிற பெண்ணிடம் "நீங்கள் போதுமான அளவு உழைக்கிறீர்கள்" என்று உங்கள் அக்கா தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படுவது வேறு: முதுகுக்கும் முழங்காலுக்கும் ஓய்வு, வேலைக்கு நடுவே நிமிர்ந்து நின்று உடலை நீட்டுவது, போதிய தண்ணீர், நல்ல செருப்பு. அவரை மாலையில் இன்னும் அரை மணி நேரம் நடக்கச் சொல்வது அவர் உழைப்பைக் கண்ணால் பார்க்காதவர் சொல்லும் அறிவுரை.

இதை என் சொந்தக் கருத்தாகச் சொல்லவில்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்றவர்கள். உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு நாள்தோறும் அரை மணி நேரம் வேகமான நடை சொல்லப்பட்டது. உடலுழைப்பு உள்ளவர்களுக்கும், வேலைக்காகவே அரை மணி நேரத்துக்கு மேல் நடக்கிற அல்லது மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்கும் 'இப்போது செய்வதையே தொடருங்கள்' என்பதுதான் அறிவுரை. மூன்று ஆண்டு முடிவில், வழக்கமான பொது ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. உணவிலும் நடையிலும் மாற்றம் செய்த பிரிவில் அது 39.3 சதவீதம். மெட்பார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவில் 40.5 சதவீதம். நடையும் உணவு மாற்றமும் மாத்திரைக்கு இணையாக வேலை செய்தன. மாத்திரைப் பையோடு வீடு வீடாகப் போகும் ஒருவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏற்கெனவே நோய் வந்தவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு நடந்தால் போதும் என்று யாராவது இதைப் புரிந்துகொண்டால், அங்கேயே தடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி மறுபக்கத்துக்கு வருகிறேன். "நாங்கள் எல்லாரும் உழைக்கிறவர்கள்" என்று ஊர் முழுவதும் சொல்லும். அது இன்று முழு உண்மை இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. அதில் 54.4 சதவீதம் பேர் போதிய உடல் இயக்கம் இல்லாதவர்கள். நகரத்தில் 65, கிராமத்தில் 50. கிராமத்திலேயே சரிபாதி! ஓய்வு நேரத்தில் விளையாட்டோ பயிற்சியோ செய்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு. 2024-இல் வந்த உலகளாவிய கணக்கீட்டின் அளவுமுறை வேறு, ஆனால் காலப்போக்கில் நிலைமை மோசமாகியிருப்பதை அது காட்டியது. 2000-இல் இந்தியப் பெரியவர்களில் 22 சதவீதத்தினர் போதிய இயக்கம் இல்லாமல் இருந்தார்கள். 2022-இல் ஏறத்தாழ 49 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்தால் 57, ஆண்களில் 42.

ஏன் இப்படி ஆனது என்று யோசிக்கும்போது ஒரு தவறான பேச்சு தானாகவே வந்து நுழையும். "அம்மியில் அரைத்தார்கள், உரலில் குத்தினார்கள், கிணற்றில் இறைத்தார்கள், அதனால் நோயில்லாமல் இருந்தார்கள்" என்பதுதான் அது. மேடையிலும் வாட்ஸ்அப்பிலும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்கிறது. உங்கள் அக்கா தயவுசெய்து இதைச் சொல்ல வேண்டாம். 2011 முதல் தமிழ்நாடு அரசு வீட்டுக்கு வீடு மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தது பெண்களின் தோளிலிருந்து ஒரு பெரிய சுமையை இறக்கியது. வாசலுக்கு வந்த குழாய் தண்ணீரும், எரிவாயு அடுப்பும், 2021 முதல் கட்டணமில்லாத நகரப் பேருந்தும் அப்படித்தான். இவை எல்லாம் பெண்கள் பெற்ற நன்மைகள். மிச்சமான அந்த நேரத்தில் கால் மணியாவது அவர்கள் தங்கள் உடலுக்கென்று வைத்துக்கொள்ள வீட்டில் இருப்பவர்கள் விடுகிறார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வயலிலும் இதே கதைதான். டிராக்டர், நடவு இயந்திரம், அறுவடை இயந்திரம் வந்த பிறகு ஆண்டில் பல மாதங்கள் கையில் வேலை இல்லாமல் கழிகின்றன. களை எடுக்கும் மாதத்தில் ஓடியாடி உழைக்கும் அதே பெண் சித்திரை வைகாசியில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஆகவே "நீங்கள் உழைக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்காமல் "இந்த மாதம் என்ன வேலை?" என்று கேட்க வேண்டும்.

சென்னையின் இரண்டு குடியிருப்புகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் 'வசதி குறைந்த இடத்தில் இது நடக்குமா' என்ற உங்கள் சந்தேகம் அங்கேதான் வெளிச்சமாகிறது. 1990-களின் பிற்பகுதியில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர் வாழும் ஆசியாட் காலனியிலும், தியாகராய நகரில் குறைந்த வருவாயினர் வாழும் பாரதி நகரிலும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் நடுத்தர வருவாயினரில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், ஏழைகளில் 6.5 சதவீதம். முடிவுகளை விளக்கிச் சொன்னதும் ஆசியாட் காலனி மக்கள் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து சில ஆண்டுகளில் 58.7 சதவீதமானார்கள். சமுதாயமே முன்வந்து செய்த மாற்றத்துக்கு இது நாடு முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது, அதற்குத் தகுதியானதும்கூட. ஆனால் பத்து ஆண்டு கழித்து இரு குடியிருப்புகளிலும் மறுபடி கணக்கெடுத்தபோது என்ன ஆயிற்று? நடுத்தர வருவாயினரிடம் சர்க்கரை நோய் 15.4 சதவீதம். ஏழைகளிடம் 6.5-லிருந்து 15.3 சதவீதம். இரண்டு மடங்குக்கு மேல் ஏறி, வசதியானவர்களுக்குச் சமமாக வந்து நின்றது.

காரணங்கள் பல இருக்கும். உணவு, வேலை, வயது எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் ஒன்று தெளிவு. பூங்கா கட்ட நிலமும், சந்தா போடக் காசும், மாலையில் ஒரு மணி நேரமும் இருந்தவர்களால் கேட்ட அறிவுரையைச் செயலாக்க முடிந்தது. பணக்காரர்களின் நோய் என்று ஒரு காலத்தில் பேசப்பட்டது இன்று ஏழை வீட்டில்தான் அதிகச் சேதம் செய்கிறது. அங்கே ஒருவர் கால் புண்ணோடு படுத்துவிட்டால் வீட்டின் வருமானமே நின்றுபோகும். அதனால்தான் உங்கள் அக்கா செய்கிற வேலை இவ்வளவு முக்கியமானது.

சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவதால் பயன் உண்டா என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமுதாயங்களில் 2,645 பேரை வைத்து இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. சமுதாயச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, வாழ்க்கைமுறை பற்றிப் பேசி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்தக் கிராமங்களில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் மற்ற கிராமங்களைவிட 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. மருந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததற்கு இதில் பெரும்பங்கு உண்டு, நடைக்கு மட்டும் பெருமை சேர்க்க முடியாது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரோடு நடந்த நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், குழுவில் இருப்பவர்களையே தலைவர்களாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு ஆண்டில் திட்டம் நடந்த பகுதிகளில் 14.9 சதவீதம் பேருக்கும், மற்றப் பகுதிகளில் 17.1 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. புள்ளியியல் முறைப்படி உறுதியாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது பெரிய வேறுபாடு இல்லை. காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, மதுப்பழக்கம் குறைந்தது. இதையும் நான் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பணியாளரை அனுப்பிவிட்டால் ஊரே நடக்கத் தொடங்கிவிடும் என்ற நம்பிக்கையோடு இறங்குகிறவர்கள் ஆறு மாதத்தில் மனம் உடைந்துபோகிறார்கள். மாற்றம் மெதுவாகத்தான் வரும்.

சரி, எப்படிச் செய்வது? என் உறுதியான கருத்து இது: தனி ஆளுக்குச் சொல்லும் அறிவுரையில் தன் நேரத்தைக் கரைக்காமல், உங்கள் அக்கா பெண்களுக்குத் துணை சேர்த்துவிட வேண்டும். அவரிடம் இருக்கும் பெரிய வலிமை அவர் அந்தத் தெருக்காரர் என்பதுதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதே, தன்னார்வலர்களை மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்தது வெறும் நிர்வாக வசதிக்காக என்று நான் நினைக்கவில்லை. குழுவில் ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் காரணத்தையாவது மனம்விட்டுச் சொல்வார்கள்.

அந்தக் காரணங்களைப் பாருங்கள். நகரத்தில் "நேரமில்லை" என்பார்கள். கிராமத்துப் பெண் அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்வார்: "பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" கையில் குடமோ கூடையோ பையோ இல்லாமல் ஒரு பெண் தெருவில் நடந்தால், வேலை வெட்டி இல்லாதவள் என்று பேச்சு வரும். மாமியார் முகம் சுளிப்பார். காரணமில்லாமல் நடப்பதற்கு ஆண்களுக்கு இருக்கும் உரிமை பெண்களுக்கு இன்னும் வரவில்லை. ஒருத்தி நடந்தால் பேசுகிற தெரு, எட்டுப் பேர் சேர்ந்து நடந்தால் இரண்டு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிடும். நாய்த் தொல்லைக்கும், மதுக்கடைப் பக்கம் போக அஞ்சுவதற்கும், முழங்கால் வலிக்கிறது என்று பாதியில் நின்றுவிடுவதற்கும் மருந்து இதே கூட்டம்தான். ஒருத்தி வராத நாளில் மற்றவர்கள் வாசலில் நின்று கூப்பிடுவார்கள். அந்தக் கூப்பிடுதலுக்கு இருக்கும் வலிமை எந்தத் துண்டுப் பிரசுரத்துக்கும் இல்லை.

தொடங்க எளிய இடம் சுய உதவிக் குழுவின் கூட்டம். சேமிப்பு வாங்கி, கடன் தவணைக் கணக்கு எழுதி முடிப்பதற்குள் எப்படியும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு எழுதும் முன்பு இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். கும்மி தெரிந்த ஒரு பாட்டி ஊருக்கு ஒருவராவது இருப்பார், அவரை நடுவில் நிறுத்துங்கள். கும்மியும் கோலாட்டமும் மூச்சு வாங்க வைக்கும், கூச்சத்தைப் போக்கும், யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. "உடற்பயிற்சி வகுப்பு" என்று பெயர் வைத்தால் வராதவர்கள் கும்மிக்கு வருவார்கள். வாரம் ஒரு நாள் கூட்டத்தில் ஆடுவது 150 நிமிடக் கணக்கை நிரப்பாது என்பது உண்மைதான். ஆனால் மற்ற நாட்களில் யார் யாரோடு நடப்பது என்று அங்கேதான் முடிவாகும்.

நேரத்தை அந்தப் பெண்களே குறிக்கட்டும். அதிகாலை ஐந்தரை மணி என்று ஊருக்கு வெளியே இருப்பவர் சொன்னால் நடக்காது. அது சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, தண்ணீர் பிடிக்கும் நேரம். சில ஊர்களில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழிதான் சரியாக அமைகிறது. சில இடங்களில் மாலை ஐந்தரைக்கு மேல், இருட்டுவதற்குள். கோடையில் காலை பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை யாரையும் நடக்கச் சொல்லக் கூடாது. இருட்டிய பிறகு கண்மாய்க்கரையும் வரப்பும் வேண்டாம், கண்ணாடிவிரியன் நடமாடும் இடங்கள் அவை. டார்ச் விளக்கு இல்லாமல் போகவே கூடாது.

எவ்வளவு வேகம் என்று கேட்பார்கள். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது: அவ்வளவுதான் அளவு. கதை பேசிக்கொண்டே நடக்க முடிகிறது, ஆனால் பாட முயன்றால் மூச்சு இடைமறிக்கிறது என்றால் அது மிதமான வேகம். செல்போனில் காலடி எண்ணிக்கை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொன்று சொல்லலாம்: சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் முற்றத்திலேயே நடந்தாலும் சர்க்கரை ஏறும் வேகம் தணியும். வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். இந்தக் காரணத்தை விளக்கினால் பலர் ஆர்வத்தோடு கேட்பதைப் பார்த்திருக்கிறேன். எடை குறையவில்லையே என்று சோர்ந்துபோகிறவர்களுக்கும் இதுவே ஆறுதல், ஏனென்றால் முன்னே சொன்ன மருத்துவர் ராமச்சந்திரனின் ஆய்வில் எடை குறையாமலேயே பலன் கிடைத்தது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது, இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவுகிறது என்று சொல்பவரை முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ரத்த அழுத்தம் 180-க்கு 110 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்கும், காலில் ஆறாத புண் உள்ளவர்களுக்கும், கண்ணின் விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் அதேதான். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கக் கூடாது. கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையோ மிட்டாயோ வாயில் போட வேண்டும். அதை முந்தானையில் முடிந்துகொண்டுதான் கிளம்ப வேண்டும். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து. திருவண்ணாமலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றுவது பலருக்கு நேர்த்திக்கடன். உணர்ச்சி இல்லாத பாதத்தில் சூடும் முள்ளும் பட்டது தெரியாது, கொப்புளம் புண்ணாகி விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும். பக்தியைக் குறைசொல்லாமல், "உங்கள் காலுக்கு உணர்ச்சி இல்லை அம்மா, மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள்" என்று சொல்ல உங்கள் அக்காவைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கிடைக்கும் வழியைச் சொல்வார்கள்.

வயதானவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அறுபது கடந்தவர்களுக்கு நடையைவிடக் காலின் வலுவும் தடுமாறாமல் நிற்பதும் முக்கியம், ஏனென்றால் ஒரு முறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் எழுவதே இல்லை. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை, சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து முறை, ஒரு காலுக்கு முன்னால் மறு காலை ஒட்டி வைத்துச் சில அடிகள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இதற்கு இடமும் வேண்டாம், செலவும் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை உங்கள் அக்கா தானாகக் கையாளக் கூடாது. இந்தத் திட்டத்திலேயே வட்டாரத்துக்கு இயன்முறை மருத்துவர் உண்டு, அவர் வீட்டுக்கே வருவார். யார் வீட்டுக்கு முதலில் வர வேண்டும் என்று பட்டியல் கொடுப்பது உங்கள் அக்காவின் வேலை.

ஆண்களிடம் போகும் வழி வேறு. அவர்களிடம் நேரம் இருக்கிறது, டீக்கடையில் அது கரைகிறது. ஒரு பெண் தன்னார்வலர் சொல்லி ஐம்பது வயது ஆண்கள் கேட்பது அரிது. ஊரில் மதிக்கப்படும் ஒருவரை, ஓய்வுபெற்ற ஆசிரியரையோ பழைய கபடி வீரரையோ, முன்னால் நிறுத்துவது நல்லது.

இடத்துக்கு வருகிறேன். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தியது. நல்ல முயற்சி, மாவட்டத் தலைநகரில் இருப்பவர்களுக்குப் பயன்படும். உங்கள் ஊர்ப் பெண் பஸ் பிடித்துப் போய் அங்கே நடக்கப்போவதில்லை. அவருக்குத் தேவை தன் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் வரை எரிகிற விளக்கு. இது சுகாதாரத் துறையின் கையில் இல்லை, ஊராட்சியின் கையில் இருக்கிறது. கிராம சபையில் ஒரு தனி ஆள் எழுந்து நடைப்பயிற்சிக்கு வசதி கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். இரண்டு மகளிர் குழுக்கள் கையெழுத்துப் போட்டு, "இந்தத் தெருவில் இந்த ஆறு கம்பங்களில் விளக்கு எரியவில்லை, பெண்கள் மாலையில் நடக்க முடியவில்லை" என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொன்னால் அது தட்ட முடியாத காகிதம். பள்ளி மைதானத்தை மாலையில் திறந்துவிடக் கேட்பதும் இப்படித்தான். கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கட்டுப்பாடற்ற நிதி வருகிறது. புதர் வெட்டி ஒரு சுற்றுப்பாதையைச் சீராக்க அதில் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்குள் பேசும்போது அக்கா ஒரு கேள்வியிலிருந்து தொடங்கட்டும்: "நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்தீர்கள்?" அவர்கள் சொல்லச் சொல்ல யார் உழைக்கிறார், யார் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். நாடு முழுவதும் ஆஷா எனப்படும் சமுதாயச் சுகாதாரப் பணியாளர்கள், யாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய் வர வாய்ப்பு அதிகம் என்று அறிய நிரப்பும் இடர் மதிப்பீட்டுப் படிவத்தில், வாரத்துக்கு 150 நிமிடத்துக்குக் குறைவாக உடல் இயக்கம் இருந்தால் ஒரு மதிப்பெண். மொத்தம் நான்கைத் தாண்டினால் கவனிக்கப்பட வேண்டியவர். அவசரத்தில் ஒரு கட்டத்தை நிரப்பிவிட்டுப் போக அது இடம் கொடுக்கிறது. நேற்றைய நாளைப் பற்றிக் கேட்க இரண்டு நிமிடம்தான் ஆகும், ஆனால் அந்த மதிப்பெண் அப்போதுதான் உண்மையாக இருக்கும். பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் சொல்ல வேண்டும், அதுவும் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். ரேஷன் கடைக்கு வண்டியில் பின்னால் உட்காராமல் நடந்து போகிறேன் என்று அவர் சொன்னால் அதையே எழுதிக்கொண்டு, அடுத்த முறை மாத்திரை கொடுக்கப் போகும்போது அதைப் பற்றி மறக்காமல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது அத்தோடு போயிற்று. ரத்த அழுத்தத்தின் எண்களை அவருடைய அட்டையிலேயே வரிசையாகக் காட்டி, மூன்று மாதத்துக்கு முன் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று சொல்வதும் உதவும்.

கடைசியாக, உங்கள் அக்காவைப் பற்றி. இந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தது, அதற்கு உரியவர்கள் அவரைப் போன்றவர்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. மாத்திரை, அழுத்தமானி, செயலியில் பதிவு, புதிதாகச் சொல்லப்படும் கணக்கெடுப்புகள் என்று வேலை ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் ஊரையே நடக்க வைக்கும் பொறுப்பையும் அவர் தலையில் கட்டுவது அநியாயம். ஆகவே முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு குழு போதும் என்று அவர் தனக்குத்தானே எல்லை போட்டுக்கொள்ளட்டும். அந்தக் குழுவிலிருந்து துடிப்பான இரண்டு பேரைப் பிடித்து நடத்தும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துவிட்டு, தான் மாதம் ஒரு முறை அழுத்தம் பார்க்க மட்டும் போகலாம். மேலதிகாரி எண்ணிக்கை கேட்டால், எத்தனை பேருக்கு அறிவுரை சொன்னேன் என்ற எண்ணோடு, எத்தனை பேர் மூன்று மாதமாக விடாமல் வருகிறார்கள் என்ற எண்ணையும் சேர்த்துக் கொடுக்கட்டும். இரண்டாவது எண் சின்னதாகத்தான் இருக்கும். எட்டுப் பேர் என்றால் எட்டு என்றே எழுதச் சொல்லுங்கள்.